கண்ணாடி போட்டாச்சா

தட்டை நிறுத்தக் கூடாது. வலது பக்கம் ஒரு சாய்ப்பு, இடது பக்கம் ஒரு சாய்ப்பு, மறுபடி வலது. நிறுத்தினால் செம்பு ஓரிடத்தில் கரையும், ஓரிடத்தில் அப்படியே நிற்கும், அப்புறம் உட்கார்ந்து அழ வேண்டியதுதான். செண்பகவல்லி நிறுத்தவில்லை. ரப்பர் கையுறைக்குள் விரல்கள் ஊறிப்போயிருந்தன, மூக்கில் துரு வாடை ஏறியிருந்தது, நெற்றியில் ஒரு முடி ஒட்டிக்கொண்டு அரித்தது, அதைத் தள்ள ஒரு கை கிடையாது. ஜன்னலோர மேஜையில் நின்று ஆட்டினாள், ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். தட்டுக்குள் கெட்டி டிகாஷன் நிறத்தில் ஒரு திராவகம், அதற்கடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை, பலகையின் ஒரு முகத்தில் செம்புப் பூச்சு, செம்பின் மேல் அவள் வரைந்த சர்க்யூட், கருப்பு மைக் கோடுகளாக. மை இருக்கிற இடத்தைத் திராவகம் தொடாது, இல்லாத இடத்தைத் தின்றுவிடும், கடைசியில் மிஞ்சுகிற செம்புக் கோடுகள்தான் கம்பிகள். இருபது நிமிஷ வேலை. மூன்று நிமிஷம் ஆகியிருந்தது. மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியின் பெரிய லேப் அது. காலை ஒன்பது மணிக்குப் போட்டிக் கேள்வி உறையைப் பிரித்தார்கள், மத்தியானம் இரண்டு மணிக்குள் வேலை செய்கிற கருவி மேஜைமேல் இருக்க வேண்டும். இருபத்து நாலு கல்லூரிகள், கல்லூரிக்கு இரண்டு பேர், ஜோடிக்கு ஒரே ஒரு பலகை, கெட்டால் கெட்டதுதான், வேறு தரமாட்டார்கள். கேள்வி என்னவோ சுலபமாகத்தான் இருந்தது. குழாயில் தண்ணீர் வந்ததும் கூவி எழுப்புகிற கருவி செய்யணும், வெறும் ஈரத்துக்கெல்லாம் கூவக் கூடாது, தண்ணீர் நின்றதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ‘ஏட்டி செம்பா, இது கோவில்பட்டிக்காரிக்குன்னே கேட்ட கேள்வில்லா’ என்று அவள் ஜோடி ஷமீமா காதோரம் வந்து சிரித்தாள். அவள் மேலப்பாளையம், ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், அந்த மிதப்பு அவளுக்கு எப்போதும் உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வருகிற ஊர்க்காரி செண்பகவல்லியும் சிரித்தாள். காலையில் சிரித்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாலாவது நிமிஷத்தில்தான் அது வந்தது. சத்தமில்லாமல் வந்தது, பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட்டும் எடுத்த பிறகு, கேஸை அணைத்தோமா என்று வருமே, அந்த மாதிரி. கண்ணாடி போட்டேனா? கண்ணாடி என்றால் முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடியும் இல்லை. செம்பு முகத்தை நேரே பார்க்கிற மாதிரி கணினியில் வரைந்து, அதைத் தாளில் அச்செடுத்து, தாளைச் செம்பின் மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் மை செம்பில் ஏறிவிடும், ஆனால் கவிழ்க்கிறோம் இல்லையா, படம் இடம் வலமாக மாறிப்போகும், அதனால் அச்செடுக்கும்போதே மாற்றி எடுக்க வேண்டும், மாறியது மறுபடி மாறி நேராகிவிடும். அதற்குத் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக். அந்த டிக்குக்கு அவர்கள் லேப்பில் கண்ணாடி போடுறது என்று பேர். போட்டேன். போட்டேன்தான். போடாமல் இருப்பேனா, அதுவும் நான், அதுவும் போன வருஷம் அப்படி ஆன பிறகு? போட்டிருப்பேன். ‘போட்டேன்’ எப்போது ‘போட்டிருப்பேன்’ ஆனது என்று மனசு உடனே பிடித்துக்கொண்டது. வலது பக்கம் ஒரு சாய்ப்பு, இடது பக்கம் ஒரு சாய்ப்பு. அம்மா இப்படித்தான், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டு, வீட்டைப் பூட்டினேனா என்று நிற்பாள், பூட்டை இழுத்து வேற பார்த்தேன் என்பாள், இழுத்துப் பார்த்தது இன்னைக்கா நேத்தா என்பாள், ஆட்டோவைப் பிடித்துத் திரும்பப் போய்ப் பார்த்தால் பூட்டு சிவனே என்று தொங்கும். ஆயுசில் ஒரு நாள்கூட அம்மா பூட்டாமல் வந்ததில்லை. ஆக இது அம்மாவிடமிருந்து வந்த வியாதி, பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருக்கும், கண்ணாடியும் போட்டுத்தான் இருக்கும், பேசாமல் ஆட்டு. அப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டு அரை நிமிஷம் நிம்மதியாக ஆட்டினாள். ஆனால் அம்மாவுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க ஒரு வீடு இருந்தது. இவளுக்கு அதுவும் கிடையாது, பதினோரு மணிக்கு லேப்டாப்பை எல்லாம் வாங்கிப் பையில் போட்டு ஒட்டிவிட்டார்கள், அச்செடுக்கிற இடத்தையும் மூடிவிட்டார்கள். பலகையில் ஒரு எழுத்து இருந்தால் போதும், திரும்பி இருக்கிறதா நேராக இருக்கிறதா என்று பச்சைப்பிள்ளை சொல்லும். எழுத்து கூடாதாம், பேர் கூடாதாம், எண்கூடக் கூடாதாம், யார் பலகை என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாதாம். வெறும் கோடு, வெறும் புள்ளி.

எழுத்து என்றதும் அப்பா வந்தார். வராமல் இருப்பாரா. அப்பாவுக்கு ரப்பர் ஸ்டாம்ப் கடை. தலைமையாசிரியர், கிராம நிர்வாக அலுவலர், பெறப்பட்டது, ரத்து, எல்லாம் திரும்பின எழுத்திலேயே அடுக்கி வைத்திருப்பார். மற்ற பிள்ளைகள் நேராக அ எழுதப் படித்த வயசில் செண்பகவல்லி கடைப் பலகையில் உட்கார்ந்து திரும்பின அ-வைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவள். திரும்பின எழுத்தை அப்பா தினத்தந்தி வாசிக்கிற மாதிரி வாசிப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் பெற்ற பெண், போயும் போயும் திருப்ப மறந்தாள் என்றால் ஊர் கேட்டால் எதால் சிரிக்கும்? அப்பாவிடம் போன வருஷம் சொல்லவே இல்லை. ‘தோத்துட்டோம்ப்பா’ என்று மட்டும் சொன்னாள். ‘சரி விடு, எத்தன பேரு ஜெயிப்பா’ என்றார். எதனால் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. ஏழாவது நிமிஷம். திராவகம் கொஞ்சம் கலங்கிப் பச்சையடித்தது, செம்பு கரைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நன்றாகக் கரையட்டும். தப்பான பலகையும் இதே அழகாகத்தான் கரையும், அதுதான் வயிற்றெரிச்சல்.

சரி, பதறாதே, முதலில் இருந்து வா. பத்தே முக்காலுக்கு அச்செடுக்கிற வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒரு பெண், ரோஸ் கலர் துப்பட்டா, இரண்டு கையிலும் மெஹந்தி, அக்கா கல்யாணமாக இருக்கும். அதற்கும் முன்னால் இரண்டு பையன்கள் யார் மேல் தப்பு என்று அடித்துக்கொண்டு நின்றார்கள். அச்செடுக்கிற அண்ணன் வாயில் ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார். பாருங்கள், ஏலக்காய் ஞாபகம் இருக்கிறது, மெஹந்தி ஞாபகம் இருக்கிறது, அந்த மெஹந்தியில் ஒரு மயில், மயிலுக்கு ஒரு கண் அழிந்திருந்தது, அதுகூட இருக்கிறது, கட்டத்தில் டிக் வைத்தது மட்டும் இல்லை. லேப்டாப்பை மேஜைமேல் வைத்தாள், ஒயரைச் செருகினார், ‘கண்ணாடி போட்டாச்சாம்மா?’ என்றார். கேட்டார்! ஆமாம், கேட்டார், அதை எப்படி மறந்தேன், கேட்டாரே! எல்லாரிடமும் கேட்டார், மயில்காரியிடமும் கேட்டார், அவள் ஐயையோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு டிக் வைத்தாள், அப்புறம் செண்பகவல்லியிடம் கேட்டார், செண்பகவல்லி ‘போட்டாச்சுண்ணா’ என்றாள். அப்பாடா! சொன்னாளே, பொய்யா சொல்லுவாள்? நெஞ்சில் இருந்து ஒரு கல் எழுந்து வெளியே போன மாதிரி இருந்தது, தட்டுகூட லேசானது. ஒன்பதாவது நிமிஷம். பத்தாவது நிமிஷம். பக்கத்து மேஜையில் ஒருத்தன் மெல்லப் பாட்டு முணுமுணுத்தான், நல்ல குரல், பிழைத்துப் போகட்டும்.

பதினோராவது நிமிஷத்தில், பாவி மனசு, சும்மா இருந்த இடத்தில் இருக்காமல் ‘போட்டாச்சுண்ணா’ என்று சொன்ன அந்த வினாடியைத் திரும்ப எடுத்துப் பார்த்தது. சொல்லும்போது என்ன செய்தாள்? கை எங்கே இருந்தது? கை மேலே போனது. ஆள்காட்டி விரல் மேலே போய் மூக்குத் தண்டில் வழுக்கி இறங்கியிருந்த மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டது. ஏற்றிவிட்டுக்கொண்டே போட்டாச்சுண்ணா என்றாள். அந்த ஆள் எந்தக் கண்ணாடியைக் கேட்டார், இவள் எந்தக் கண்ணாடியைச் சொன்னாள்? சாப்பிட்டியா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்று வாய் தானாகச் சொல்லுமே, பசியில் வயிறு கூவிக்கொண்டிருந்தாலும் சொல்லுமே, அப்படிச் சொன்ன வாய்தானே இது? கண்ணாடி போட்டவள் கண்ணாடி போட மறந்தாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்க இதைவிட என்ன வேண்டும். இல்லை, இல்லை, எப்போதும் ஏற்றிவிடுகிற பழக்கம்தானே, வியர்த்தால் வழுக்கும், ஏற்றுவாள், அதற்கும் இதற்கும் என்ன. மயில்காரி ‘ஐயையோ’ என்றபோதுகூட, நாம் அப்படி இல்லை என்று மனசுக்குள் ஒரு பெருமை வந்ததே, அந்தப் பெருமை போட்டதால் வந்ததா, போடாமலேயே வந்ததா? பெருமைக்கு என்ன, அது பாட்டுக்கு வரும். கை தட்டை ஆட்டியது, மனசு அந்தக் கட்டத்தைப் போய்ப் போய்ப் பார்த்தது, ஒரு தடவை டிக் இருந்தது, ஒரு தடவை இல்லை, ஒரு தடவை கட்டமே இல்லை.

போன வருஷம் நடந்ததை நினைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தாள், யாரிடம் சொல்லி வைப்பது, அவளிடமேதான். போன வருஷம் ஜோடி தர்ஷினி. பலகை வந்தது, துளை போட்டார்கள், எட்டுக்கால் ஐ.சி. சில்லைச் செருகி ஈயம் வைத்து ஒட்டினார்கள், எல்லாம் அழகாக, நேரத்துக்கு. எட்டுக்கால் ஐ.சி.யில் ஒண்ணாம் காலுக்கு மைனஸ், எட்டாம் காலுக்கு பிளஸ், இரண்டும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும். பலகை இடம் வலம் மாறினால் மைனஸ் போக வேண்டிய காலுக்கு பிளஸ் போகும். போனது. தர்ஷினி பேட்டரியைச் செருகினாள், ஒரு வினாடி ஒன்றும் இல்லை, அப்புறம் ஐ.சி.யின் நடு முதுகில் இருந்து நூல் மாதிரி ஒரு புகை. அந்த வாடை, கருகின மீன் வாடை, ஒரு வாரம் துப்பட்டாவில் இருந்தது. லேப் மொத்தமும் ‘ஓ’ என்று கத்தியது. புகைவல்லி என்று பேர் வைத்தார்கள், அது போகட்டும், பேர் என்ன, வைக்கிறவன் வாய் வலித்தால் நிறுத்துவான். தர்ஷினிதான் நிறுத்திவிட்டாள், பேச்சை. திட்டியிருக்கலாம், நாலு அறை விட்டிருக்கலாம், ஒன்றுமில்லை, ‘பரவால்ல’ என்றாள், பரவால்ல என்று சொல்லிவிட்டு அன்றிலிருந்து பேசவில்லை. வகுப்பில் பார்த்தால் சிரிப்பாள், வாசலில் அந்நியரைப் பார்த்தால் சிரிப்போமே, அப்படி. ஒரு வருஷம் ஆகிவிட்டது. இப்போது ஷமீமா. இந்த வருஷம் துறைத் தலைவர் ஷமீமாவைக் கூப்பிட்டு, முதல் மார்க் வாங்குகிற ஆல்வினோடு போ என்றார். ஷமீமா அவர் முகத்துக்கு நேராகவே ‘நான் செம்பாகூடப் போறேன் சார்’ என்றாள். ‘அந்தப் புகைப் பிள்ளையா?’ என்று அவர் கேட்டதை அவளே வந்து சொல்லிச் சிரித்தாள். போட்டியில் தோற்பது பெரிசில்லை. ஆண்டவன் சத்தியமாகப் பெரிசில்லை, இருபத்து மூன்று ஜோடி இன்றைக்குத் தோற்கத்தான் போகிறது. ஷமீமாவும் பரவால்ல என்று சொல்லிவிட்டால்? ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில், கேன்டீனில் எதிர் நாற்காலி, பல் தேய்க்கும்போதும் வாய் ஓயாமல் நுரையோடு பேசுகிற ஜென்மம் அது, அது வாயை மூடிக்கொண்டால் அந்த அறையில் செண்பகவல்லி எப்படி இருப்பாள்? அதை நினைத்ததும் கண் கரித்தது. திராவக ஆவி என்று சொல்லிக்கொண்டாள்.

பதினாலாவது நிமிஷம். தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் இடுக்கி பக்கத்திலேயே இருக்கிறது, ஒண்ணாம் காலுக்கு மட்டும் சதுரப் புள்ளி வைப்பது வழக்கம், வைத்திருக்கிறாள், மற்றதெல்லாம் வட்டம். ஒரு ஓரமாக ஓடுகிற தடித்த கோடு மேலே வருகிற மாதிரிப் பிடித்துச் சதுரம் வலது பக்கம் இருந்தால் பிழைத்தாள், இடது பக்கம் இருந்தால் போச்சு. இதற்கு ஐந்து வினாடி. ஐந்து வினாடியில் தெரிந்துகொள்ளக் கூடியதைப் பத்து நிமிஷமாகத் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறாள் என்றால், அது மறதி இல்லை, பயம். தெரியாத வரைக்கும் பாதி உயிர் இருக்கிறது. திரும்பி ஷமீமாவைப் பார்த்தாள். ஷமீமா நாலு மேஜை தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தாள், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இஸ்திரி போட்டது செண்பகவல்லி, குழாயடியில் தாளை நனைத்து உரசி எடுத்தது ஷமீமா, எடுத்துக்கொண்டு வந்து தட்டில் நழுவ விட்டதும் அவள்தான். ‘ஆட்டு’ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஷமீமா ஒரே வார்த்தையில் பேசி என்றைக்காவது கேட்டதுண்டா? அப்படியென்றால் அவள் பார்த்துவிட்டாள். கோபத்தில் முதுகைக் காட்டுகிறாள். இல்லை, வேலையாக இருக்கிறாள். இல்லை, பார்த்துவிட்டாள். அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்ததில் தட்டு ஒரு பக்கம் அதிகமாகச் சாய்ந்து, திராவகம் விளிம்பைத் தொட்டு, ஒரு சொட்டு மேஜையில் விழுந்து மஞ்சளாகப் படர்ந்தது. போதும். சாகிறதுக்கு ஒரேயடியாகச் செத்துவிடலாம். இடுக்கியை எடுத்தாள், பலகையைக் கவ்வித் தூக்கினாள், பழுப்பு சொட்டச் சொட்டத் தடித்த கோட்டை மேலே திருப்பினாள்.

சதுரம் இடது பக்கம் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், பார்த்ததும் மனசு அந்தக் கட்டத்துக்கு ஓடுவதை நிறுத்திவிட்டது. கை பாட்டுக்குப் பலகையைத் திரும்பத் தட்டில் போட்டு மிச்ச நிமிஷத்துக்கும் ஆட்டியது, தப்பான பலகையை இத்தனை கரிசனமாக ஆட்டினவள் உலகத்தில் இவளாகத்தான் இருக்கும். இருபது ஆனதும் வெளியே எடுத்தாள், தண்ணீர் வாளியில் முக்கினாள், மையைத் துடைத்தாள். உள்ளே செம்பு புதுக் குத்துவிளக்கு நிறத்தில் பளபளத்தது, ஒரு கோடு அறுபடவில்லை, ஒரு புள்ளி கரையவில்லை, அத்தனையும் இடம் வலமாக. கையுறையைக் கழற்றினாள், நெற்றி முடியைத் தள்ளினாள், அதற்காகவாவது கை கிடைத்தது. நாலு மேஜை தூரத்தையும் நடந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்த வாக்கியம் இரண்டாவது மேஜையிலேயே மறந்துபோனது. ஷமீமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, ‘ஷமீ, நான் கண்ணாடி போடலட்டி’ என்றாள். குரல் கீச்சென்று வந்தது.

‘தெரியும்’ என்றாள் ஷமீமா, திரும்பாமலே.

‘தெரியுமா?’

‘குழாயடியில தாளை உரசும்போதே பார்த்தேன். கடையத்தான் சாத்திட்டானே, திரும்ப அச்செடுக்க முடியாது, அழிச்சு என்ன பண்ண? அதான் தட்டுல போட்டேன். உன்கிட்ட சொன்னா நீ திராவகத்தோட சேர்த்துத் தட்டைக் கவுத்திருப்ப. பலகைதான் கெட்டுது, உன் காலாவது மிஞ்சட்டும்னு வாய மூடிட்டு வந்தேன். இங்க பாரு.’

மேஜைமேல் அவர்கள் கருவிக்கான இரண்டு ஐ.சி.யும் கிடந்தன. கீழ்நோக்கி நேராக நிற்க வேண்டிய கால்களை எல்லாம் ஷமீமா மூக்கு பிளையரால் ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் மடித்துப் பரப்பி வைத்திருந்தாள், சுவரில் பல்லி ஒட்டிக் கிடக்கிற மாதிரி கிடந்தன. பக்கத்தில் ரெசிஸ்டர்கள், அவற்றின் கம்பிகளும் அப்படியே தட்டையாக மடித்து, வரிசையாக. செண்பகவல்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ‘ஏட்டி, முழிக்காத’ என்றாள் ஷமீமா. ‘கடையில கண்ணாடிக் கதவுல பேர் எழுதியிருப்பாம்லா, உள்ள இருந்து பார்த்தா எழுத்து திரும்பித் தெரியும், வெளிய போயி நின்னு பார்த்தா? சரியாத் தெரியும்லா? அவ்வளவுதான். இதுவரைக்கும் பாகத்தையெல்லாம் வெறும் பக்கம் வச்சு, ஓட்டை வழியாக் காலைச் செம்புப் பக்கம் நீட்டினோம். இப்ப பாகத்தையே செம்புப் பக்கம் உக்கார வச்சிருவோம். பலகை திரும்பியிருக்கு, நாம போயி அந்தப் பக்கம் நிக்கோம். ஒண்ணாம் கால் ஒண்ணுலயே விழும், எட்டாம் கால் எட்டுலயே விழும். வச்சுப் பாரு.’ செண்பகவல்லி வைத்துப் பார்த்தாள். ஈரம் காயாத பலகையில் அந்தப் பல்லியை எடுத்து வைத்தாள், ஒண்ணாம் கால் போய்ச் சதுரத்தின் மேல் உட்கார்ந்தது, அளவெடுத்த மாதிரி. அட! அடடா! இன்னொரு பல்லியையும் வைத்தாள், அதுவும் உட்கார்ந்தது. ‘ஓட்டையும் போட வேண்டாம்’ என்று ஷமீமா தாடையால் காட்டினாள். ‘அந்தா பாரு வரிசைய.’ துளையிடுகிற மெஷின் இரண்டே இரண்டு, அதன் முன்னால் பதினைந்து ஜோடி பலகையைப் பிடித்துக்கொண்டு ரேஷன் கடை மாதிரி நின்றது.

செண்பகவல்லி ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூச்சு வந்தது. இத்தனை நேரம் வராமலா இருந்தது, வந்துகொண்டுதான் இருந்திருக்கும், ஆனாலும் இப்போதுதான் வந்த மாதிரி, காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் ஒன்று இருந்தது தெரிந்தது, அதில் ஒரு காக்கா சாவகாசமாகச் சிறகைக் கொத்திக்கொண்டிருந்தது, எல்லாம் காலையிலிருந்தே இருந்திருக்கிறது. சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே மூக்கிலிருந்து தண்ணீரும் வந்தது, துப்பட்டாவால் துடைத்தாள். ‘இருபது நிமிஷம் செத்துப் பிழைச்சேன்ட்டி, நாசமாப் போறவளே’ என்றாள். ‘நீ கோவமா இருக்கன்னு நினைச்சேன்.’ ‘வந்துச்சே, வராமலா?’ என்றாள் ஷமீமா. ‘சும்மா இல்ல, நல்லாவே வந்துச்சு. குழாய்கிட்ட நின்னு தாளை உரசிக்கிட்டே உன்னை அப்படித் திட்டுனேன், எங்க உம்மா கேட்டிருந்தா வாயில மிளகாய வச்சுத் தேச்சிருப்பா. உங்க அப்பாவையும் சேர்த்துத் திட்டுனேன், ஸ்டாம்ப் கடை வச்சிருக்காருல்லா, அதுக்கு.’ ‘அப்புறம்?’ ‘அப்புறம் என்ன. திட்டி முடிஞ்சுது.’ செண்பகவல்லி அவளையே பார்த்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்ததை வாய் கேட்டுவிட்டது: ‘பேசாம இருந்துருவியோன்னு பயந்தேன்.’ ‘யாரு, நானா?’ ஷமீமா நிஜமாகவே ஆச்சரியப்பட்டுப் போனாள், பிளையரைக் கீழே வைத்தாள். ‘பேசாம இருக்க என்னால முடியுமாட்டி? இருபது நிமிஷம் வாய மூடிட்டு இந்தக் காலை மடிச்சேன், தாடை வலிக்கி. ஈயத்தை எடு.’

ஈயத்தை எடுத்தாள். ஒருத்தி பிடிக்க ஒருத்தி ஒட்டினார்கள், ஷமீமா விட்ட இருபது நிமிஷத்தையும் சேர்த்துப் பேசினாள், ஆல்வினோடு வந்திருந்தால் பலகை கரைந்து கஞ்சியாயிருக்கும் என்றாள், அந்தப் பாட்டு முணுமுணுக்கிறவன் நல்லாத்தான் இருக்கான் என்றாள், மெஹந்திக்காரி துளை போடுகிற வரிசையில் சண்டைக்கு நிற்கிறாள் பார் என்றாள், இவள் ம் ம் என்று கேட்டுக்கொண்டே ஒட்டினாள், இத்தனை சுகமாக அவள் எந்தப் பேச்சையும் கேட்டதில்லை. தப்பு இன்னும் அங்கேதான் இருந்தது, செம்பில் வெட்டின தப்பு எங்கே போகும், அதன் மேலேயேதான் ஒவ்வொரு காலாக ஒட்டிக்கொண்டு போனாள். ஒன்றரை மணிக்கு எல்லாம் முடிந்து பேட்டரியை எடுத்தவள், அதை ஷமீமா பக்கம் நீட்டினாள். ‘நீ போடு’ என்றாள். ‘நீயே போடு’ என்றாள் ஷமீமா. செண்பகவல்லி செருகினாள். ஒரு வினாடி. இரண்டு வினாடி. மூக்கை நீட்டி மோந்து பார்த்தாள், ஈய வாடையைத் தவிர ஒன்றும் இல்லை. கருவியிலிருந்து நீட்டி விட்டிருந்த இரண்டு கம்பியையும் டம்ளர் தண்ணீரில் விட்டதும் வீறிட்டது, லேப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு வீறல், வெளியே எடுத்ததும் கப்சிப். ஈரத் துணியால் தொட்டார்கள், கூவவில்லை. மறுபடி தண்ணீரில் விட்டார்கள், மறுபடி வீறிட்டது. மேற்பார்வைக்கு நின்ற சார், ‘போதும்மா, போதும்மா’ என்றார்.

நடுவராக வந்த அம்மா காட்டன் சேலையும் கையில் ஒரு நோட்டுமாக இரண்டே காலுக்கு அவர்கள் மேஜைக்கு வந்தார். பலகையைக் கையில் எடுத்து மேலே பார்த்தார், ஒன்றுமில்லை, வழவழவென்று மொட்டைப் பலகை. திருப்பினார், செம்பு மேலேயே பாகங்கள் எல்லாம் படுத்துக் கிடந்தன. புருவத்தை உயர்த்தினார். ‘துளையே போடலையா? ஏன் இப்படி வச்சிருக்கீங்க?’ மேஜைக்கு அடியில் ஷமீமா செண்பகவல்லியின் தொடையைக் கிள்ளினாள், அந்தக் கிள்ளுக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும், நேரத்தை மிச்சம் பிடிக்க வேணும்னே இப்படி டிசைன் பண்ணினோம் மேடம் என்று சொல்லு என்று அர்த்தம். சொல்லலாம், நன்றாகத்தான் இருக்கும், மார்க்கும் கூட விழும். செண்பகவல்லி வாயைத் திறந்தாள்.

‘தாளைத் திருப்பி அச்செடுக்க மறந்துட்டேன் மேடம். பலகை மாறி வந்துருச்சு. அதனால இந்தப் பக்கம் வச்சோம்.’

‘யாரு மறந்தது?’

‘நான்தான்.’

பக்கத்து மேஜை வரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். குரல் கீச்சென்று போகவில்லை. அந்த அம்மா அவளை ஒரு பார்வை பார்த்து, நோட்டில் என்னவோ நீளமாக எழுதிக்கொண்டு, கம்பியைத் தண்ணீரில் விட்டுக் கூவுவதைக் கேட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். ‘கூறுகெட்டவளே, டிசைன்னு சொல்லியிருக்கலாம்லாட்டி’ என்று ஷமீமா பல்லைக் கடித்தாள், கடித்துக்கொண்டே ஆரம்பித்தவள் கேன்டீன் போகிற வழி முழுக்க நிறுத்தவில்லை, திட்டிக்கொண்டே தட்டு வாங்கினாள், திட்டிக்கொண்டே சாம்பாரை ஊற்றினாள். முடிவு நாலு மணிக்குத்தான். செண்பகவல்லி இரண்டாம் தடவை சோறு வாங்கி, எதிரே உட்கார்ந்து, ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள்.